நாக்கில் வைத்த சேனை

கீரமங்கலம்
20-1-1960

பாசமுள்ள அமராவதி மதினிக்கு,

கண்ணாத்தாள் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தம்பியும் சோலையப்பனும் சுகம். அங்கே நீங்களும் ஆவுடையப்பன் அண்ணனும் சுகமாக இருக்கவேண்டும்.

பொங்கலுக்கு வருவீர்கள் என்று சோலையப்பன் பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் ரோட்டுக்கு ஓடினான். கடைசியில் மாட்டுக்குப் பொங்கல் ஊட்டும்போது, "எங்க அத்தை வரலை"ன்னு மாட்டுக்கிட்டயே புகார் சொல்லிவிட்டான். கோயமுத்தூர் மில்லில் பொங்கலுக்குக்கூட லீவு கிடையாதாக்கும்?

மதினி, எனக்கு இது அஞ்சாம் மாசம். வாய்விட்டுச் சொல்லவே பயமாக இருக்கிறது. சோலையப்பனுக்குப் பிறகு பிறந்த ரெண்டும் உடம்பு மஞ்சள் பூத்துக் கண்ணை மூடிய பிறகு, இதுவாவது தங்க வேண்டும் என்று கும்பிடாத சாமி இல்லை. என் ஆத்தாவும் இப்போது இல்லை. பிரசவத்துக்கு நீங்கள் பக்கத்தில் இருந்தால்தான் எனக்குத் தைரியம். வருவீர்கள்தானே?

உங்கள்
கண்ணாத்தாள்

•

கோயமுத்தூர்
4-2-1960

என் தங்கம் கண்ணாத்தாளுக்கு,

அமராவதி ஆசியுடன் எழுதுவது. உன் லெட்டரைப் பார்த்ததும் சந்தோஷத்தில் அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியவில்லை. மருதமலை முருகனுக்குக் காசு முடிந்து வைத்திருக்கிறேன்.

வர முடியுமா என்று தெரியவில்லை ஆத்தா. உங்க அண்ணனுக்கு நைட் ஷிப்ட். நேரத்துக்குச் சோறு போடாவிட்டால் வயிற்றுவலி வந்துவிடும். கோழி வேறு அடைக்கு உட்கார்ந்திருக்கிறது.

இங்கே பலாப்பழத்தைச் சுளைக் கணக்கில் விற்கிறார்கள். உங்க வீட்டுக் கொல்லைப் பலாவில் ஏறி நான் பறித்துப் போட, நீ பாவாடையை விரித்துக்கொண்டு நின்றாயே, பழம் விழுந்து பாவாடையோடு நீயும் விழுந்தாயே! பலாப்பால் ஒட்டிய உன் முடியை நறுக்கிவிட்டு, உன் ஆத்தாளிடம் என் ஆத்தா வாங்கிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. அப்போதே நீதான் என் தம்பி பெண்டாட்டி என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

பிள்ளை பிறந்ததும் நாக்கில் சீனித்தண்ணி தொட்டுச் சேனை வைக்க மூக்காயி அத்தையைக் கூப்பிடு. நல்ல கை.

அமராவதி

•

கீரமங்கலம்
11-3-1960

மதினிக்கு,

கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறதாமே! குஞ்சு பொரித்துப் பத்து நாள் ஆகியிருக்குமே, இப்போது என்ன சாக்கு?

நீங்கள் ஏன் வரமாட்டேன் என்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா? சோலையப்பன் என் பிறந்த வீட்டில் பிறந்தான், என் ஆத்தா சீனித்தண்ணியைத் தொட்டு நாக்கில் வைத்தாள். அடுத்த ரெண்டும் உங்கள் வீட்டில் பிறந்தன. ரெண்டுக்கும் நீங்கள் சேனை வைத்தீர்கள். "அமராவதி கை"ன்னு மூக்காயி அத்தை குளத்துக்கரையில் ஒரு வார்த்தை சொன்னதற்கு, நீங்கள் ஊரையே விட்டுப் போனீர்கள். மில் வேலை என்று எங்களிடம் சொன்னது எல்லாம் சும்மா. நான் ஒரு நாளாவது உங்களை அப்படி நினைத்ததுண்டா மதினி?

இப்போது கேளுங்கள். புதுக்கோட்டையில் ஒரு லேடி டாக்டர் என் ரத்தத்தையும் உங்கள் தம்பி ரத்தத்தையும் எடுத்து மெட்ராசுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். என் ரத்தமும் வயிற்றுப் பிள்ளையின் ரத்தமும் ஒத்துக்கொள்ளவில்லையாம். என் ரத்தத்தில் இல்லாத ஒன்று, உங்கள் தம்பி வழியாகப் பிள்ளைக்கு வருகிறது. தலைப்பிள்ளை பிறக்கும்போதுதான் என் ரத்தம் அதை அந்நியம் என்று தெரிந்துகொள்கிறது. அதனால் தலைப்பிள்ளை தப்பிவிடுகிறது. அடுத்து வருகிற பிள்ளைகளின் ரத்தத்தை என் ரத்தமே அழிக்கிறதாம். அதனால்தான் மஞ்சள். மெட்ராசுக்குப் போய்ப் பெற்றால், பிறந்த உடனே பிள்ளைக்கு வேறு ரத்தம் மாற்றிக் காப்பாற்றப் பார்க்கலாம் என்கிறார்கள்.

ஆகவே உங்கள் கை இல்லை மதினி. நான்தான். பத்து மாசம் சுமந்து, உள்ளே வைத்தே கொன்றிருக்கிறேன். இதை உங்கள் தம்பியிடம்கூட இப்படிச் சொல்லவில்லை.

கண்ணாத்தாள்

•

கோயமுத்தூர்
16-3-1960

அடி கூறுகெட்டவளே,

நலம் விசாரிக்கப் பொறுமை இல்லை. உன் லெட்டரை உங்க அண்ணனிடம் கொடுத்து ரெண்டு தரம் வாசிக்கச் சொன்னேன், நான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என் ஆத்தாவும் உன் அப்பாவும் கூடப்பிறந்தவர்கள். ஒரே ரத்தம் என்றுதானே உன்னைத் தம்பிக்குக் கட்டினோம்! அது எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும் என்று வாசலில் நின்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி நான் டாக்டரோடு சண்டை போடுகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

ஆறு வருஷமாக நான் இந்தக் கையால் ஒரு பச்சைப் பிள்ளையைத் தொட்டதில்லை. மில் லைன் வீடுகளில் யாருக்காவது பிரசவம் என்றால் கதவைச் சாத்திக்கொள்வேன். உன் பெண்பிள்ளை மஞ்சளாக ஆனபோது, "பொன்னாட்டம் மினுக்குறா பாருங்க"ன்னு ஊரையே கூப்பிட்டுக் காட்டினவள் நான். அந்த மஞ்சள்தான் எமன் என்று தெரியாமல் திருஷ்டி கழித்தேனே கண்ணாத்தா! அது நினைப்பு வராத நாள் இல்லை.

அதனால் சொல்கிறேன், கேள். ஆறு வருஷம் நான் சுமந்ததை, அது என்னுடையது இல்லை என்றதும், நீ எடுத்து உன் தலையில் வைத்துக்கொள்ளாதே. என் கை என்றால் வெட்டியாவது போட்டிருப்பேன். உன் ரத்தத்தை நீ என்ன செய்வாய்? உன்னைக் கேட்டா அது அப்படிச் செய்தது? மூக்கு சப்பையாக இருப்பதற்கு நீயா பொறுப்பு? அது மாதிரிதான் இதுவும். அழுவதென்றால் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு நாள் அழுவோம். இப்போது நேரமில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. மெட்ராசுக்குப் போ.

அமராவதி

•

மெட்ராஸ் ஆஸ்பத்திரி
27-5-1960

அன்பு மதினிக்கு,

பெண்பிள்ளை. உயிரோடு இருக்கிறாள். இதை எழுதும்போது என் பக்கத்தில் உதைத்துக்கொண்டிருக்கிறாள்.

பிறந்து சாயங்காலத்துக்குள் கண் மஞ்சளாகிவிட்டது. எனக்கு உயிர் போய்விட்டது. தொப்புள்கொடி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக அவள் ரத்தத்தை எடுத்துவிட்டு, வேறு ரத்தத்தை ஏற்றினார்கள். மறுபடி மஞ்சள் ஏறவும் இன்னொரு தடவை மாற்றினார்கள். உங்கள் தம்பி வராந்தாவில் உட்கார்ந்து துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதாராம், நர்ஸ் சொன்னாள். இப்போது மஞ்சள் இறங்கிவிட்டது. அந்த மஞ்சள் நிறத்துக்காக நர்சுகள் இவளுக்குச் செவந்தி என்று பேர் வைத்துவிட்டார்கள். அதுவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

ரத்தம் கொடுத்தவர் ஒரு பஸ் கண்டக்டராம். முகம்கூடப் பார்க்கவில்லை. "யாரு குணம் வருமோ, பேச ஆரம்பிச்சதும் 'ரைட் ரைட்'ன்னு சொல்லப் போறா"ன்னு உங்கள் தம்பி கேலி செய்கிறார். அவர் கேலி செய்து எத்தனை காலமாயிற்று!

பக்கத்துக் கட்டில் அம்மாள் சேனை வைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஊருக்குப் போனதும் மூக்காயி அத்தை சீனியோடு வருவாள், அவளுக்கும் அதே பதில்தான். டாக்டர் சரி என்று சொன்ன பிறகு பெயருக்கு ஒரு சொட்டு, அதுவும் நீங்கள் வைப்பதுதான். நீங்கள் வராவிட்டால் சேனை வைக்காத பிள்ளையாகவே வளரட்டும்.

உங்கள்
கண்ணாத்தாள்

•

கோயமுத்தூர்
19-6-1960

கண்ணாத்தாளுக்கு,

கார்டில் இவ்வளவுதான் இடம். மூன்று தரம் கிளம்பி மூன்று தரமும் பெட்டியை இறக்கி வைத்துவிட்டேன். டாக்டர் சொன்னது புத்திக்குப் புரிகிறது. கைக்குத்தான் இன்னும் புரியவில்லை. ஆனால் சேனை வைக்காத பிள்ளை என்று எழுதிவிட்டாயே, பாவி, அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்குமா? உங்க அண்ணன் டிக்கெட் எடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை வாரேன். சீனியை நீ கரைத்து வை. நான் தொட மட்டும் செய்வேன். வைத்த பிறகு ஒரு மாசம் அங்கேயே இருப்பேன், பிள்ளை தேறுகிறதைக் கண்ணால் பார்க்காமல் திரும்பமாட்டேன். இப்போதே சொல்லிவிட்டேன்.

அமராவதி

•

கீரமங்கலம்
8-8-1962

அன்பு மதினிக்கு,

இங்கே யாவரும் சுகம். அண்ணனுக்கு வயிற்றுவலி எப்படி இருக்கிறது? ஒரு மாசம் என்று வந்து மூன்று மாசம் இருந்தீர்களே, அப்போது அண்ணன் ஓட்டல் சோறு தின்று இழுத்துக்கொண்ட வலி இன்னும் போகவில்லை என்றால் அது என் பாவம்தான்.

டாக்டர் இனிமேல் பிள்ளை வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ரெண்டு இருக்கிறது, போதும் மதினி. போன ரெண்டையும் சில நாள் நினைத்து அழுவேன். நீங்கள் சொன்ன மாதிரி, என்னை ஏசிக்கொண்டு அழுவதில்லை.

செவந்திக்குக் கண்டக்டர் குணம் வரவே இல்லை. அப்படியே நீங்கள்தான். சோறு வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நீங்கள் அவள் நாக்கில் சேனை வைத்த கதையைச் சொன்னால்தான் தூங்குகிறாள். அழுதால் யாருக்கும் தெரியாமல் நெல் குதிருக்குப் பின்னால் போய் அழுகிறாள். நேற்று மூக்காயி அத்தை, "அமராவதி சேனையில்ல, அந்தப் பிடிவாதம் எங்க போகும்"ன்னு சொன்னாள். கூடவே, அவள் பேத்திக்கு இது எட்டாம் மாசமாம். "ஒன் மதினி எப்ப வருவா?"ன்னு என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள். சேனைக்கு வருவதும் வராததும் உங்கள் இஷ்டம்.

எழுத வந்தது வேறு. நம் செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. காலையில் சீனி டப்பாவைக் காணோம் என்று தேடினால், செவந்தி தொழுவத்தில் உட்கார்ந்து, விரலை எச்சில் பண்ணிச் சீனியைத் தொட்டுக் கன்றுக்குட்டி நாக்கில் வைத்துக்கொண்டிருக்கிறாள். "யாருடி சொல்லிக் குடுத்தா?"ன்னு கேட்டேன். "அத்தை கை"ன்னு தன் கையை விரித்துக் காட்டுகிறாள்.

கன்று நன்றாக இருக்கிறது மதினி. வீடு முழுக்கத் துள்ளிக்கொண்டு திரிகிறது.

உங்கள்
கண்ணாத்தாள்