ஒரே எண்ணில் ஒரு தெரு

இன்று காலையும் மாத அறிக்கை தானாகவே மின்னஞ்சலில் வந்து விழுந்தது. அடியில் 'தயாரித்தவர்' என்ற இடத்தில் இன்னும் உன் பெயர். நீ இறந்து இத்தனை மாதமாகியும் அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, மனம் வரவில்லை.

ஆஸ்பத்திரியின் மருந்து வண்டி எந்த ஊருக்குப் போகும் என்பதை இந்த அறிக்கைதான் முடிவு செய்கிறது. மைசூரில் நம் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நோயாளிகளின் பதிவுகளைச் சுத்தம் செய்தே இரண்டு பேருக்கும் கண்ணாடி ஏறியது. நான் கலர் கலராக வரைபடம் போட்டால் நீ சீண்டுவாய். "படம் ஷோக்காத்தான்டி இருக்குது. உள்ள இருக்கறவங்க யாருன்னு பாத்தியா?" எனக்கு எரிச்சலாக வரும்.

நீ போன பிறகு புது விதி ஒன்று வந்தது. ஒரே ஆளைப் பல தடவை பதிவு செய்துவிடுகிறார்களாம். அதனால் போன் எண் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்று எனச் சேர்த்துவிட்டார்கள். ஆளுக்கொரு போன் இருக்கிற மைசூருக்கு அது சரி. போன மாதக் கூட்டத்தில் திரையைப் பார்த்தால் கௌதள்ளிக்கு ஒரே ஒரு நோயாளி. "ஒருத்தருக்காக ஒரு வண்டியா?" என்றார் மேனேஜர். நிறுத்திவிடலாம் என்று பேச்சு முடிந்துவிட்டது.

உன் ஊர். உன் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை அந்த வண்டியில்தான். அந்த ஒற்றைப் பதிவைத் திறந்தேன். இருந்தது உன் எண். ஆஸ்பத்திரியில் போன் எண் கேட்டபோது, தெரு மொத்தமும் மைசூரில் வேலை செய்யும் பெண்ணின் எண்ணைச் சொல்லியிருக்கிறது. வண்டி வரும் செய்தி உனக்கு வரும். மதியச் சாப்பாட்டின்போது நீ அம்மாவைக் கூப்பிட்டு, "எல்லாத்துக்கும் சொல்லிப்போடும்மா" என்பாய். பக்கத்தில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டபடி எத்தனையோ நாள் அதைக் கேட்டிருக்கிறேன்.

மேனேஜரிடம் சண்டை போட்டேன். ஆளுக்கொரு எண் வாங்கி வந்தால் பார்க்கலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை கொள்ளேகால் வழியாகப் பஸ்ஸில் போனேன். உன் வீட்டு வாசலில் எல்லாரும் கூடினார்கள். பாதிப் பேரிடம் போனே இல்லை. இருப்பவர்களில் பலருக்கு வரும் செய்தியைப் படிக்கத் தெரியாது. ஒரு பெரியவர், "அந்தப் புள்ளையோட நம்பரே இருக்கட்டுமுங்க, அதுதான் வாயில வருது" என்றார். அந்த எண் இப்போது உயிரோடு இல்லை என்பதை எப்படிச் சொல்வேன்? உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். நான் என் எண்ணைக் கொடுத்தேன். அத்தனை பேருக்கும்.

என் எண்ணிலும் அவர்கள் ஒரே ஆளாகிவிடுவார்கள் என்று தெரிந்தேதான் செய்தேன். திரும்பி வந்து, எண்ணை விட்டுவிட்டுப் பெயரையும் வயதையும் பாருங்கள் என்று கத்தி, அந்த விதியை மாற்ற வைத்தேன். கௌதள்ளிக்கு வண்டி போகிறது. ஆனாலும் நிம்மதி இல்லை. விதி மாறும் முன்பே பதிவுகள் ஒன்றாகிப்போய் வண்டி நின்றுபோன வேறு ஊர்களின் பெயர்கள் என் முன்னால் கிடக்கின்றன. அங்கெல்லாம் எனக்குத் தோழி யாரும் இல்லை. யாரைப் போய்க் கேட்பேன், சொல்லு.

நேற்று வண்டி வரும் செய்தி ஆளுக்கொன்றாக என் போனில் வந்து குவிந்தது. உன் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். எல்லாருக்கும் சொல்லிவிடுவதாகச் சொன்னவர், போனை வைக்காமல், "சாப்புட்டியா சாமி?" என்றார். எப்போதும் உன்னிடம் கேட்ட அதே கேள்வி. "ம்" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் பேசியிருந்தால் அழுதிருப்பேன்.