பனிக் கணவாய்ச் சாலை

அன்பு மகள் சோராவுக்கு,

கடற்பாசி அனுப்பியிருக்கிறேன். சூப் வைத்துக் குடி. பால் நன்றாகச் சுரக்கும்.

பத்து ஆண்டுகளுக்கு முன்பு, நீ இப்போது இருக்கும் மலை ஊரின் பிரசவ வார்டை மூடலாம் என்று அரசுக்கு அறிக்கை எழுதியவன் நான்தான். வருடத்துக்கு முப்பது பிரசவத்துக்காக ஒரு வார்டு எதற்கு என்று கேட்டிருந்தேன். அந்த அறிக்கையால்தான் வார்டை மூடினார்கள், எனக்குப் பேராசிரியர் பதவியும் கிடைத்தது. அன்று உன்னையும் அம்மாவையும் விருந்துக்கு அழைத்துப் போனேன்.

ஜனவரியில், நகர மருத்துவமனைக்குப் போகும் வழியில் கணவாயில், ஆம்புலன்ஸிலேயே நீ பிள்ளை பெற்றாய் என்று அம்மா சொன்னாள். அதன் பிறகு அதே சாலையில் பனிக்குள் நான்கு முறை போய்வந்தேன். ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் ஆயிற்று. உன் வீட்டுப் பக்கம் வரத் துணிவு இல்லை.

வார்டைத் திரும்பத் திறக்கக் கேட்டு நான் கொடுத்த மனுவைப் பற்றி முடிவெடுக்க நேற்று சியோலில் அரசுக் குழு கூடியது. தலைவர் சிரித்தார்.

"பேராசிரியரே, மூடச் சொன்னதும் நீங்க, திறக்கச் சொல்றதும் நீங்களா?"

"ஆமாங்க. அப்போ பிரசவத்தை மட்டும் எண்ணினேன், பாதையைப் பார்க்கலை. தப்பு என்னோடதுதான்."

"ஏன், உங்க வீட்ல யாருக்காவது ஏதாச்சும் ஆச்சா?"

உன்னைச் சொல்லியிருந்தால் உடனே இளகியிருப்பார்கள். "அந்த ஊர்ப் பொண்ணுங்க எல்லாருக்கும் ஆகுதுங்க" என்றேன். உன் வலியை என் வாதத்துக்கு எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை, கண்ணே. சாலையைப் பற்றியே மூன்று மணி நேரம் பேசினேன். ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தோம். இலையுதிர்காலத்தில் வார்டு திறக்கும்.

நீ என்னோடு பேச வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. குழந்தையின் பெயரைச் சொல்ல அம்மா வாயெடுத்தாள், தடுத்துவிட்டேன். என்றைக்காவது நீயே சொல்.

உன் அப்பா