வளைந்த சுவர்

அன்புள்ள உங்களுக்கு,

கல்கரியில் குளிர் எப்படி? இங்கே மில்லிக்கன் வீட்டில் நான் இன்றும், உங்கள் அப்பா வாடகைக்கு விடும் நிலத்தடி பேஸ்மென்ற்களுக்குப் படம் வரைந்துகொண்டிருக்கிறேன்.

படிக்கும் காலத்தில் நாங்கள் போய்ப் பார்த்த அந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞரின் வீடு நினைவிருக்கிறதா? நிலக்கரியும் பச்சைக் கண்ணாடிக் கட்டிகளும் பதித்த வட்டச் சுவர். மூலையே இல்லாத வீட்டில் யாரையும் மூலையில் முடக்க முடியாது என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

போன கிழமை நானும் ஒரு வளைந்த சுவர் வரைந்தேன். மாமா சிரித்தார்.

"பிள்ளை, உந்த வளைவிலை சாமிப்படம் எப்பிடிக் கொழுவுறது? நேராக் கீறு. யன்னலையும் சின்னனாக்கு. வாடகைக்கு வாறவன் வானம் பார்க்கவோ வாறான்?"

அகதியாக வந்து பார்க்டேல் பகுதியில் ஒரே அறைக்குள் பலரோடு நெருக்கியடித்துப் படுத்தவர் அவர். இன்று அதே இருட்டை மற்றவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். வரைந்து கொடுப்பவள் நான்.

நேற்று அவர் தந்த அளவுகள் எனக்குத் தெரிந்தவையாக இருந்தன. நான் மாமாவோடு இருக்கும் இந்த வீட்டின் பேஸ்மென்ற்.

"உங்கள் ரெண்டு பேருக்கும்தான். மேலை வாடகைக்கு விடப்போறன். அவனும் ஓம் எண்டிட்டான்."

உங்களோடு தினமும் பேசுகிறேன். நீங்கள் எனக்கு இதைச் சொல்லவில்லை.

படத்தை முடித்துவிட்டேன். சுவர்கள் நேராக இருக்கின்றன, யன்னல் சின்னது, சாமிப்படத்துக்கும் இடமுண்டு. ஆனாலும் மாமா நெற்றியைச் சுருக்கினார்.

"பிள்ளை, கட்டில் ஒராள் படுக்கத்தானே காணும்?"

அளவு சரி என்றேன். உங்கள் ஒருவருக்கு அது போதும்.

இப்படிக்கு,
படம் வரைந்தவள்