எண்பது கிலோ அப்பாவும் எடையே இல்லாத பையும்

அன்பு மகள் வாலுவுக்கு,

நானும் அம்மாவும் சுகம், என் மானத்துக்குத்தான் கொஞ்சம் உடம்பு சரியில்லை. நீ அனுப்பிய தூங்கும் பையைச் சோதிக்கலாம் என்று ஞாயிறு காலை ஹாலில் விரித்து, உள்ளே புகுந்து, கழுத்து வரை ஜிப்பை இழுத்தேன். அது துணியைக் கடித்துக்கொண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கதவு வேறு திறந்து கிடந்தது. சிலிண்டர் போட வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, ஆம்புலன்சுக்குச் சொல்லட்டுமா சார் என்று கேட்டார். குளித்துவிட்டு வந்த அம்மா முதலில் உட்கார்ந்து சிரித்து முடித்தாள், அப்புறம்தான் ஜிப்பைத் தொட்டாள். ஒரு விரலை உள்பக்கம் வைத்துத் துணியை ஒதுக்கிக்கொண்டே இழுக்க வேண்டுமாம், நீயும் அப்படிச் செய்.

நீ ஐந்து நாள் மலை ஏறக் கூப்பிட்டதிலிருந்து அம்மாவுக்கு ஒரே பாட்டு, பாதி வழியில உங்க முட்டி மக்கர் பண்ணினா அவ பையைத் தூக்குவாளா உங்களைத் தூக்குவாளா என்று. கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதனால் நானே எனக்கு ஒரு பரீட்சை வைத்துக்கொண்டேன். சாமான் எல்லாம் அடைத்த முதுகுப் பையோடு நம் கட்டிடத்தின் நாலு மாடியையும் பத்து தடவை உட்காராமல் ஏறி இறங்கினால் வருவது, இல்லையென்றால் நீ உன் சிநேகிதிகளோடு போ என்று சொல்லிவிடுவது. அதற்குப் பையின் எடை தெரிய வேண்டுமே. லாரி எடை மேடையில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு ஒரு பை எம்மாத்திரம் என்று வேலை இடத்துக்கே தூக்கிப் போனேன். பையோடு நின்றேன், எண்பது. இறக்கிவிட்டு நின்றேன், அதே எண்பது. பை காற்று மாதிரி இருக்கு என்று உனக்குப் போனில் பீற்றிக்கொண்டது அந்தத் தைரியத்தில்தான். எங்கள் மேடை இருபது இருபது கிலோவாகத்தான் காட்டும், நடுவில் இருப்பது தெரியாது என்று தினமும் டிரைவர்களுக்கு விளக்குகிறவனே நான்தான். ஜல்லி லாரிக்காரர் பார்த்துவிட்டு, நம்ம லோடையும் இப்படியே போட்டுக் கொடுங்கண்ணே என்கிறார். பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்தால் பதினாலு கிலோ. பெரிய டார்ச், இரண்டாவது போர்வை, அம்மா திணித்த எவர்சில்வர் டப்பா மூன்று, எல்லாவற்றையும் எடுத்து ஒன்பதுக்குக் கொண்டுவந்தேன்.

டென்ட் இரண்டு வாங்கிவந்தேன், பிடிக்காததை ஒரு வாரத்துக்குள் திருப்பி எடுத்துக்கொள்வார்களாம். மொட்டை மாடியில் கட்டி நான் உள்ளே உட்கார, அம்மா அதன் மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்ததெல்லாம் அந்த வாளியில் இருந்தது. லேசான டென்ட் தையல் ஓரமாக ஒழுகி என் சட்டையை நனைத்தது. கனமானதில் ஒரு சொட்டு இல்லை. அரை கிலோ கூடினாலும் அதுதான் என்று வைத்துக்கொண்டேன். ஷூவைக் காலையில் போட்டுப் பார்த்து வாங்கி, சாயங்காலம் கால் வீங்கிக் கொப்புளம் வந்து, ஒரு சைஸ் பெரிதாக மாற்றியாகிவிட்டது. நீ வாங்கினால் சாயங்காலம் போய் வாங்கு.

முதல் வாரம் மூன்றாவது தடவையிலேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். நேற்று பத்து. கீழ்வீட்டு வாத்தியார், யார் வீட்டைக் காலி பண்றீங்க, ரெண்டு வாரமா ஒரே பையைத் தூக்கிட்டுப் போறீங்களே என்றார். அம்மா முட்டிக்கு ஒத்தடம் கொடுக்கச் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தாள். சம்மதம் என்று அர்த்தம். ஆகவே வருகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, மழைக்கோட்டை மறக்காதே. எடுத்த காரியம் எல்லாம் உனக்கு நல்லபடியாக நடக்கும், நன்றாயிரும்மா.

வரப் பார்க்கிறேன் என்றதும், திடீரென்று எப்படி மனசு வந்தது என்று போனில் கேட்டாயே, லீவு வீணாகப் போகிறது என்றேன். நீ ஆறாவது படிக்கும்போது மூன்று நாள் முகாமுக்குப் போகக் கேட்டாய். பை சரியில்லை, ஷூ சரியில்லை, மழை வரும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தடுத்தேன். பையிலும் ஷூவிலும் ஒரு குறையும் இல்லை. நீ இல்லாத வீட்டில் மூன்று நாள் இருக்க எனக்குத்தான் தைரியம் இல்லை.

உன் அப்பா