பச்சைச் சட்டையிலேயே வா

அன்பே,

பிரசவம் வரை பயணமே கூடாது என்றுவிட்டார் டாக்டர். நம் கூடைப்பந்து அணி உன்னைப் பாஸ்டனுக்குக் கைமாற்றியதிலிருந்து, பிலடெல்பியாவில் அப்பா வீட்டுக்குள்ளேயே கிடக்கிறேன். கடைக்குப் போனால், "உங்காளு எதிரிக்கு ஆடப் போய்ட்டானாமே?" என்கிறார்கள்.

இன்று நீ பச்சைச் சட்டையோடு டிவியில் வந்தாய். நம் ஜூனி உன்னைப் பார்த்து, "ஊ... ஊ!" என்று கத்தினாள். பாஸ்டனின் பச்சையைக் கண்டால் அப்படிக் கேலியாகக் கத்தச் சொல்லிக்கொடுத்தவனே நீதானே!

அப்பா கைதட்டினார். "அப்படிப் போடு, தங்கம்!"

"அப்பா, அது அவளோட அப்பன்."

"பச்சை போட்டவன் எனக்கு மருமகனே இல்லடி."

சிரித்துவைத்தேன். வேறு எங்கே போவேன்?

சனிக்கிழமை எங்களைப் பார்க்க வரும்போது அந்தச் சட்டையிலேயே வா. கத்தினாலும், அழுதாலும், அப்பா முன்னாலேயே அவளைத் தூக்கிக்கொள்.

உனக்காக வாசலைத் திறந்துவைக்கும்,
உன் மனைவி