நீங்கள் சொன்ன ‘வேண்டாம்’

இன்று காலை மெட்ரோவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்ணின் கோட்டில் வெந்தயக்கீரை வதக்கிய வாசம். எங்கள் நாட்டுப் பெண்ணோ உங்கள் நாட்டுப் பெண்ணோ தெரியவில்லை. இரண்டு சமையலிலும் அந்தக் கீரை உண்டு. நான் இறங்கவேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டேன். நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இப்படி ஏதாவது ஒரு சாக்கில் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறீர்கள்.

பிரெஞ்சு வகுப்பின் கடைசி வரிசையில் சந்தித்த இரண்டு பெண்கள் நாம். இருவருக்கும் நாற்பது தாண்டியிருந்தது. ஈரானில் இரசாயனம் படிப்பித்த நீங்கள், இங்கே பிற மொழிக்காரருக்குப் பாரசீகம் கற்பிப்பதற்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தீர்கள். சொந்த மொழியைச் சொல்லிக்கொடுக்கவும் ஒரு பயிற்சியா என்று கேலி செய்தேன்.

“உம்மட மகனுக்கு நீர் தமிழ் படிப்பிச்சுப் பாத்தனீரோ?” என்று திருப்பிக் கேட்டீர்கள். என் மகன் வீட்டில் பிரெஞ்சில் மட்டும்தான் வாய் திறப்பான். நாம் பேசியதெல்லாம் உடைந்த பிரெஞ்சுதான். ஆனாலும் உங்கள் குரல் எனக்குள் எங்கள் யாழ்ப்பாணத் தமிழிலேயே கேட்கிறது.

பயிற்சியின் முடிவில், பாரசீகம் அறவே தெரியாத ஒருவருக்குப் பரிசோதகர் முன்னால் பாடம் நடத்திக்காட்ட வேண்டும். என்னைக் கேட்டீர்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. இருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தேன்.

அன்றைய பாடம் தேநீர் கொடுப்பது. ‘வேண்டாம், நன்றி’ என்பதை முதலில் சொல்லித்தந்தீர்கள். பிறகு கோப்பையை நீட்டினீர்கள். அந்நியர் என்றால் உடனே வாங்கிவிடுவார்கள். அப்போது, ஈரானில் முதலில் மறுப்பதுதான் மரியாதை, கொடுப்பவரும் விடாமல் கேட்பார் என்று விளக்குவீர்கள். அதுதான் உங்கள் திட்டம். எனக்கு அது தெரியாது. நானோ யாழ்ப்பாணத்துக்காரி. எந்த வீட்டுக்குப் போனாலும் இப்பதான் குடிச்சனான் என்று சொல்லி வளர்ந்தவள். முதல் தடவை வேண்டாம் என்றேன். இரண்டாம் தடவையும் வேண்டாம் என்றேன். மூன்றாம் தடவை தலையைக் குனிந்து இரண்டு கையாலும் வாங்கினேன்.

பரிசோதகர் பேனாவைக் கீழே வைத்தார். “இவவுக்கு முதலே பழக்கிக் கூட்டி வந்திருக்கிறியள்” என்றார். நீங்கள் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. ஒரு மாதம் கழித்து வேறொரு மாணவருடன் வரச் சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் நான் அழுதேன். நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு அடங்காமல் பஸ் தரிப்பிடத்து வாங்கில் உட்கார்ந்துவிட்டீர்கள். “எங்கட ரெண்டு சனமும் இப்பிடி மறுத்து மறுத்தே அழிஞ்சு போகும். எங்களுக்குள்ள இனி உது வேண்டாம். வேண்டாம் எண்டால் வேண்டாம்தான், சரியோ?” என்றீர்கள். நானும் ஓம் என்றேன். அதன்பிறகு உங்கள் வீட்டில் கொடுத்ததை முதல் தடவையிலேயே வாங்கிச் சாப்பிட்டேன். அது எவ்வளவு பெரிய சுகம்.

இரண்டாம் முறை தேறினீர்கள். சனிக்கிழமை வகுப்பு ஒன்றும் கிடைத்தது. அது ஆறு மாதம்கூட நடக்கவில்லை, நோய் வருத்தம் வந்து படுத்துவிட்டீர்கள்.

பார்க்க வரட்டுமா என்று ஃபோனில் கேட்டேன். “வேண்டாம். பேந்து பாப்பம்” என்றீர்கள். குரல் தெளிவாகத்தான் இருந்தது. அடுத்த கிழமையும் கேட்டேன், அதே பதில். நம் உடன்படிக்கைப்படி, வேண்டாம் என்றால் வேண்டாம்தான். செயின்ட்-மிஷேலில் இருக்கும் என் வீட்டிலிருந்து பியர்ஃபோன்ட்ஸில் உங்கள் வீட்டுக்குப் போக இரண்டு பஸ், ஒரு மெட்ரோ. தூரத்தைப் பார்த்தும் சோம்பினேனோ? அதையும் இப்போது சொல்லிவிட வேண்டும். கொஞ்சம் சோம்பினேன்.

மூன்றாம் தடவை நான் கேட்கவில்லை. அந்தக் கிழமை உங்கள் மகள்தான் அழைத்தாள்.

செத்தவீட்டில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “அம்மா ஒவ்வொரு நாளும் பின்னேரம், மருந்தால கொட்டி மிஞ்சின தலைமயிரைச் சீப்பால இழுத்துவிடச் சொல்லுவா. ஆரும் வந்தாலும் வருவினம் எண்டுவா.” யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை. தலைமயிர் கொட்டிய கோலத்தை நான் பார்க்கக்கூடாது என்று உண்மையாகவே மறுத்தீர்களா, அல்லது நான் இன்னொரு தடவை கேட்பேன் என்று காத்திருந்தீர்களா? எனக்கு இன்றும் தெரியாது.

போன மாதம் எங்கள் மேல்வீட்டு அக்காவுக்கு முழங்காலில் ஆப்பரேஷன். ஒருவரும் வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தா. நான் சொதியும் இடியப்பமும் கொண்டுபோய்க் கதவைத் தட்டினேன். தடியை ஊன்றிக்கொண்டு வந்து திறந்தா. முகத்தில் நல்ல கோபம்.

“வரவேண்டாம் எண்டு சொன்னனானெல்லே. காது கேக்காதோ உமக்கு? சனத்தைப் பாக்கிற நிலையிலயே நான் இருக்கிறன்?”

“ஓமக்கா, சொன்னனீங்கள்தான்” என்றேன்.

உபசாரத்துக்கு மறுக்கவில்லை, உண்மையாகவே என்னை வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறா. சாப்பாட்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டா. படியில் இறங்கும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வருத்தமாக இல்லை. உங்கள் வாசலிலும் வந்து நின்று, இப்படி ஒரு தடவை ஏச்சு வாங்கியிருக்கலாம்.