வின்சென்ட் பூட்டிய கம்ப்யூட்டர்

ஜெலுத்தோங்,
6.10.2024

அன்புள்ள அத்தானுக்கு,

உடம்பு தேவலையா? சுங்கை பட்டாணியில் மழை பிடித்திருக்குமே, போர்த்திக்கொள்ள நல்லதாக ஏதாவது கொடுக்கிறார்களா? நீங்கள் குடியை விட்டு நான்கு மாதம் ஆகிவிட்டது என்று மறுவாழ்வு இல்லத்திலிருந்து எழுதியிருந்தார்கள். ஞாயிறு பூசையில் நன்றி சொன்னேன். போனை வாங்கி வைத்துக்கொண்டு கடிதம் மட்டும் எழுத விடுகிறார்களே என்று கோபப்படாதீர்கள். நாம் சண்டை போடாமல் பேசி எத்தனை வருஷமாயிற்று!

ஒரு நல்ல செய்தி. புக்கிட் தெங்காவில் கிச்சன் கேபினட் செய்யும் கம்பெனி ஒன்று, வீட்டிலிருந்தே படம் வரைந்து கொடுக்க ஆள் தேடுகிறது. என் மாதிரிப் படம் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் அவர்களுடைய புரோகிராம் நம் கம்ப்யூட்டரில் ஓடவில்லை, கிராஃபிக்ஸ் கார்டு மாற்ற வேண்டுமாம். நவம்பர் முடிவதற்குள் மாற்றிவிட்டால் வேலை எனக்கு. மார்க்கெட்டில் மீன் கழுவிக் கழுவி விரலெல்லாம் ஊறிப்போய்விட்டது, அத்தான். கையில் பணமாக இருநூறு வெள்ளிதான் இருக்கிறது. நம் கல்யாணத்துக்கு நீங்களே பாகம் பாகமாகப் பூட்டிக்கொடுத்த கம்ப்யூட்டர், வேறு யாரைக் கேட்பேன்? எந்தக் கார்டு வாங்கட்டும்?

அன்புடன்,
உங்கள் லீனா


சுங்கை பட்டாணி,
14.10.2024

என் லீனாவுக்கு,

நலம். நீயும் என் தம்பியும் சேர்ந்து கொண்டுவந்து தள்ளிய இடத்தில் மூன்று வேளையும் கஞ்சி, ஜெபம்.

நீ படம் வரையப் போகிறாயா? வாசித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். சரி, கேட்டுவிட்டாய். அந்தப் பெட்டியில் இருப்பது முந்நூறு வாட் பவர் சப்ளை. தனியாக வயர் கேட்கிற கார்டை வாங்காதே, எல்லாம் புகைந்துவிடும். போர்டிலிருந்தே கரண்ட் எடுக்கும் சின்னக் கார்டு போதும். செகண்ட்ஹேண்ட் வாங்கு, காசு கொடுக்கும் முன் ஓட்டிக் காட்டச் சொல். ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்றாவது தெரியுமா, அதற்கும் படம் போட்டு அனுப்பவா?

இத்துடன் ஒரு படிவம் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு நான் ஒரேயடியாக வீட்டுக்கு வந்துவிடுகிறேன். குடும்பத்தார் கையெழுத்து இல்லாமல் இங்கே விடமாட்டார்கள். ‘ஏற்றுக்கொள்பவர்’ என்ற இடத்தில் போட்டு அனுப்பு.

உன் வின்சென்ட்


ஜெலுத்தோங்,
27.10.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் சொன்ன மாதிரியே கார்டு வாங்கிவிட்டேன். நூற்றெண்பது வெள்ளி. விற்றவள் ஃபாத்தின் என்ற பெண், கடையிலேயே ஓட்டிக் காட்டினாள். மாட்டத்தான் அரை நாள் ஆயிற்று. போன ஈஸ்டருக்குப் பிறகு என் இடது மணிக்கட்டு முழுதாகத் திரும்புவதில்லை, உங்களுக்குத்தான் தெரியுமே.

கார்டின் விசிறி சுற்றுகிறது, ஸ்க்ரீன் மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. வயரைப் பழைய இடத்தில் சொருகினால் படம் வருகிறது. உள்ளே செட்டிங்கில் புதுக் கார்டைக் காட்டிக்கொடுக்க வேண்டுமாம். அங்கே போனால் பாஸ்வேர்ட் கேட்கிறது. அது நீங்கள் போட்டது. தயவுசெய்து எழுதி அனுப்புங்கள். படிவம் பத்திரமாக இருக்கிறது.

அன்புடன்,
லீனா


சுங்கை பட்டாணி,
4.11.2024

லீனா,

மணிக்கட்டைப் பற்றியெல்லாம் எழுதாதே. இங்கே கடிதத்தை வேறு ஆட்களும் படிக்கிறார்கள்.

அந்தப் பூட்டு எதற்கு என்று உனக்குத் தெரியும். நான் வெளியே போன நேரத்தில் எவனுக்கு என்ன அனுப்பினாய் என்று இன்றுவரை நீ சொல்லவில்லை. இருந்தாலும் உன்மேல் எனக்கு இரக்கம் உண்டு. நீ என்னை முதலில் பார்த்த நாள்தான் பாஸ்வேர்ட். நல்ல மனைவிக்கு அது நினைவிருக்கும்.

வின்சென்ட்


ஜெலுத்தோங்,
12.11.2024

அத்தானுக்கு,

மாதா கோயில் திருவிழா நாளைப் போட்டேன், இல்லை என்றது. மறுநாள் உங்கள் அக்கா வீட்டில் பார்த்தோமே, அதையும் போட்டேன். மூன்று முறை தப்பினால் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடுகிறது. ஒரு வாரமாக வேலையிலிருந்து வந்து, கைகூடக் கழுவாமல் உட்கார்ந்து தேதி தேடுகிறேன். நான் யாருக்கும் எதுவும் அனுப்பவில்லை. அன்றும் கேபினட் படம்தான் வரைந்துகொண்டிருந்தேன். உங்கள் காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சொல்லிவிடுங்கள்.

லீனா


சுங்கை பட்டாணி,
19.11.2024

லீனா,

தேதியே இல்லை அது! எத்தனை நாள் தேடுகிறாய் என்று பார்த்தேன். உன் கடிதத்தைப் பக்கத்துக் கட்டில் சுப்பையாவுக்கும் வாசித்துக் காட்டினேன், அவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

நவம்பர் முடிய எத்தனை நாள் என்று எண்ணிக்கொள். உன் கையெழுத்து இங்கே வந்த அன்றே என் பாஸ்வேர்ட் அங்கே கிளம்பும். இல்லாவிட்டால் மீனையே கழுவு. அந்த வாடைதான் உனக்குப் பொருத்தம்.

வின்சென்ட்


ஜெலுத்தோங்,
28.11.2024

திரு. வின்சென்ட் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று படிவத்தை மேசையில் விரித்து, பேனாவையும் எடுத்துவிட்டேன். என் பெயரில் முதல் எழுத்தைப் போட்டதுமே அழுகை வந்துவிட்டது. கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஃபாத்தினிடம் போனேன். ஜெலுத்தோங்கில் வளர்ந்தவள், நம் ஆட்களோடு பழகித் தமிழ் பேசுவாள். நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“ஐயோ அக்கா, இதுக்கா ஒரு மாசமா கெஞ்சிக்கிட்டு இருந்தீங்க? போர்டுல சின்ன பேட்டரி ஒன்னு இருக்குலா. அத கழட்டிட்டு கொஞ்ச நேரம் விடுங்க. பழைய போர்டுதானே, பாஸ்வேர்ட் அழிஞ்சிரும்.”

கழற்றினேன். ஒரு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டுப் புது பேட்டரி போட்டேன். பாஸ்வேர்ட் போய்விட்டது. புதுக் கார்டில் படமும் வந்துவிட்டது. தேதி மட்டும் 2012 ஜனவரி 1 என்று காட்டியது. நாம் கல்யாணம் செய்தது 2014-இல். சரியான தேதியை உடனே போட எனக்கு மனம் வரவில்லை. அன்று மாலை முழுவதும் அப்படியே விட்டுவைத்தேன்.

கம்பெனிக்கு முதல் அடுக்களைப் படம் நேற்றுப் போய்விட்டது. திங்கட்கிழமையிலிருந்து மீன் கடை இல்லை.

பழைய பேட்டரியை இந்த உறையில் வைத்திருக்கிறேன். புதிதாக வாங்கினால் மூன்று வெள்ளி. சுப்பையாவுக்கும் காட்டுங்கள்.

படிவத்தையும் திருப்பி அனுப்புகிறேன். நான் போட்ட அந்த ஓர் எழுத்தை அடித்துவிட்டேன். ‘ஏற்றுக்கொள்பவர்’ என்ற இடம் காலியாக இருக்கிறது, யாராவது கிடைத்தால் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் தம்பியைக் கேட்டேன், முடியாது என்றார்.

லீனா